ரிக்கெல்மே உண்மையிலயே பெரிய பிளேயரா, இல்லாட்டி கிளிப் பார்த்து கட்டின பேரா?

நீங்க கேட்டது இது: ரிக்கெல்மே ரிக்கெல்மே எண்டு அந்த ஆர்ஜென்டினா புட்போல் மிட்ஃபீல்டருக்காக ஆக்கள் இவ்வளவு உருகுறாங்களே, மனுசன் பார்சிலோனாவில நிண்டு பிடிக்கேல்ல, வேர்ல்ட் கப் எடுக்கேல்ல, கோல் கணக்கும் பெரிசா ஒண்டும் இல்லை, அப்ப இது யூடியூப்பில நாலு கிளிப் பார்த்து ஊதிப் பெருப்பிச்ச பேர்தானே எண்டு. கடைசி வரியில போற போக்கில இன்னொண்டும் போட்டிருக்கிறீங்க, உங்கட தம்பிக்கு 15 வயசு, ஸ்கூல் டீமில நடுவில நிண்டு விளையாடுறவன், புதுசா வந்த கோச் அவனைத் தூக்கி விங்கில, அதாவது சைட் லைன் ஓரத்தில, போட்டுட்டார், இவன் ரிக்கெல்மே வீடியோவைக் காட்டிக் காட்டி வீட்டில சண்டை பிடிக்கிறான் எண்டு. எனக்கென்னவோ உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். ஓட்டம் குறைவு, ஆனா கிரவுண்ட் முழுக்கக் கண்ணில வச்சிருக்கிற ஒருத்தனுக்கு டீமில நடு இடத்தைக் குடுத்தா டீமுக்கு லாபமா நட்டமா? ரிக்கெல்மேயிட கரியர் முழுக்க இதுக்குத்தான் பதில், அதுவும் ஒவ்வொரு ஊரில ஒவ்வொரு பதில்.

நான் கொழும்பு லீக்கில மிட்ஃபீல்டில விளையாடினவன், பெரிய பேர் ஒண்டும் எடுக்கேல்ல, இப்ப சி லைசன்ஸ் எடுத்து சின்னப் பெடியளுக்கு கோச்சிங் குடுக்கிறன். அதால என்ர பார்வை கொஞ்சம் கோச் பக்கம் சாய்ஞ்சதா இருக்கும், அதைக் கழிச்சுப் போட்டு வாசியுங்கோ. ரிக்கெல்மே ஸ்பெயினில வில்லாரியல் கிளப்பில ஆடின காலத்தையும் 2006 வேர்ல்ட் கப்பையும் நான் நேரத்துக்கு டீவியில பார்த்தவன், ஆனா ஆர்ஜென்டினாவில போக்கா ஜூனியர்ஸ் கிளப்பில ஆடின முதல் வருசங்கள் எல்லாம் பிறகு ரெக்கோர்டிங்கில பார்த்ததுதான்.

முதல்ல நம்பர் கதையை முடிப்பம். போக்காவுக்கு 388 மெட்ச், 92 கோல். ஆர்ஜென்டினாவுக்கு 51 மெட்ச், 17 கோல். போக்காவோட மட்டும் 11 கப், அதில 3 கோப்பா லிபர்டடோரஸ், அதாவது தென் அமெரிக்காவிட சாம்பியன்ஸ் லீக். இதைப் பார்த்தா மோசமில்லை, ஆனா மெஸ்ஸி, ரொனால்டோ நம்பரைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது சப்பெண்டுதான் இருக்கும். எங்கட நாட்டில எல்லாரும் கிரிக்கெட் பார்த்து வளந்த ஆக்கள், ஆள் எப்பிடி எண்டு கேட்டா உடன அவரேஜ் எத்தினை எண்டுதான் வாய் போகும். புட்போலில நடுவில நிக்கிறவனுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அசிஸ்ட் எண்டுறது கோலுக்கு முந்தின கடைசி பாஸை மட்டும்தான் எண்ணும், அந்தப் பாஸ் வாறதுக்கு வழி திறந்துவிட்ட முந்தின பாஸை, அதுக்கும் முந்தி ரெண்டு பேரைத் தன்னட்ட இழுத்து வச்சிருந்த அந்த மூண்டு செக்கனை எந்த அசிஸ்ட் கணக்கும் எண்ணாது. ரிக்கெல்மே செய்ததில பாதி அந்த மூண்டு செக்கனுக்குள்ளதான் இருக்கு.

ஆள் 1978 ஜூன் 24, புவனஸ் அயர்ஸுக்குப் பக்கத்தில சான் ஃபெர்னாண்டோவில பிறந்தவர், டொன் டொர்க்குவாட்டோ எண்ட ஏழைப்பட்ட இடத்தில பெரிய குடும்பத்தில வளந்தவர். ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் எண்ட கிளப்பிட சின்னப் பெடியள் டீமில இருந்து, மரடோனாவும் அங்கதான் தொடங்கினவர், 1996ல போக்காவுக்கு வந்தார், அதே நவம்பரில முதல் மெட்ச். அடுத்த வருசம் மலேசியாவில நடந்த 20 வயசுக்குக் கீழ வேர்ல்ட் கப்பை பெக்கர்மன் கோச்சா இருந்த ஆர்ஜென்டினா எடுத்தது, அந்த டீமில இவரும் இருந்தார். 1997 ஒக்டோபர் 25, போக்காவிட பரம எதிரியான ரிவர் பிளேட்டிட கிரவுண்டில மரடோனாவிட கடைசி மெட்ச், ஹாஃப் டைமில மரடோனா வெளிய, 19 வயசு ரிக்கெல்மே உள்ள. இதை ஒரு பட்டாபிஷேகம் மாதிரி எழுதுற ஆக்கள் இருக்கினம், அண்டைக்கு அது ஒரு கோச் செய்த சாதாரண மாத்தம்தான், அதுதான் மரடோனாவிட கடைசி மெட்ச் எண்டு அந்த நேரம் ஒருத்தருக்கும் தெரியாது.

1998ல கார்லோஸ் பியாங்கி கோச்சா வந்த பிறகுதான் உண்மையான ரிக்கெல்மே வெளிய வந்தது. பியாங்கி செய்தது பெரிய மந்திரம் ஒண்டும் இல்லை. பின்னுக்கு ஓடி ஓடி பந்து பறிக்கிற மூண்டு பேரைப் போட்டார், முன்னுக்கு பலேர்மோ மாதிரி ஒரு பெரிய ஆள், பக்கத்தில ஸ்பீட் ஆள் ஒண்டு, நடுவில பந்து வந்தா ரிக்கெல்மேட்டக் குடு, அவ்வளவுதான். 40 லீக் மெட்ச் தோக்காம போனது அந்தக் காலத்தில.

2000 மே 24 லிபர்டடோரஸ் குவார்ட்டர் ஃபைனல், பொம்பொனேரா கிரவுண்டில ரிவர் பிளேட்டோட, அதில யெப்பெஸ் எண்ட டிஃபென்டருக்கு அடிச்ச நட்மெக்தான், அதாவது காலுக்கு நடுவால பந்தை விட்டதுதான், நீங்க சொல்லுற கிளிப்புகளில முதலாவது. அதை ஒருக்கா மெதுவா ஓடவிட்டுப் பாருங்கோ. சைட் லைனோரமா, கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார், யெப்பெஸ் பின்னால வந்து முதுகோட ஒட்டிட்டான், போக இடமே இல்லை. ரிக்கெல்மே பந்தை உள்ளங்காலால மிதிச்சுப் பின்னுக்கு இழுக்கிறார், அது யெப்பெஸிட ரெண்டு காலுக்கும் நடுவால போகுது, தான் மற்றப் பக்கத்தால சுத்தி வந்து எடுத்துக்கொண்டு போறார். எல்லாரும் அந்த இழுவையைத்தான் பார்க்கிறது. நான் பெடியளுக்குக் காட்டுறது அதுக்கு முந்தின பங்கு, அவர் அவசரப்படாம நிண்டு, யெப்பெஸ் இன்னும் கிட்ட வரட்டும், காலை விரிச்சு வைக்கட்டும் எண்டு காத்திருந்தது. எதிராளியை வரவிட்டு, வந்த பிறகு அவன் விட்டுட்டு வந்த இடத்தைப் பாவிக்கிறது, இதுதான் அவரிட ஆட்டம் முழுக்க. அண்டைக்கு போக்கா 3-0, அவரும் பெனால்டியில ஒரு கோல்.

ஆனா கிளிப்பை விட்டுட்டு ஒரு முழு மெட்ச் பார்க்கிறதெண்டா 2000 நவம்பர் 28, டோக்கியோ, ஐரோப்பா சாம்பியனும் தென் அமெரிக்கா சாம்பியனும் மோதுற இன்டர்கொன்டினென்டல் கப், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா. ஃபிகோ, ரவூல், ரொபெர்ட்டோ கார்லோஸ், மக்கலேலே, கசியாஸ் எல்லாம் இருக்கிற டீம். 6 நிமிசத்துக்குள்ள பலேர்மோ ரெண்டு கோல், ரெண்டாவது ரிக்கெல்மே தன்ர பாதியில இருந்து தூக்கிப் போட்ட நீளப் பாஸ். கொஞ்ச நேரத்தில ரொபெர்ட்டோ கார்லோஸ் ஒண்டு திருப்பி அடிச்சிட்டார், 2-1. அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட 80 நிமிசம் இருக்கு, எதிர்ப்பக்கம் உலகத்திலயே விலை கூடின டீம், போக்கா என்ன செய்தது? பந்தை ரிக்கெல்மேட்டக் குடுத்தது. அவர் பின்பக்கத்தைக் குடுத்து, கையை விரிச்சு, ரெண்டு பேர் மூண்டு பேர் வந்து இடிக்க இடிக்க பந்தை வச்சிருந்தார், ஒண்டில் ஃப்ரீ கிக் எடுத்தார், இல்லாட்டி ஃப்ரீயா நிண்டவனுக்குக் குடுத்தார், தன்ர டிஃபென்ஸுக்கு மூச்சு விட நேரம் எடுத்துக் குடுத்தார். மெட்ச் பிளேயர் அவோர்ட் பலேர்மோவுக்குத்தான் போனது, ரெண்டு கோல் அடிச்சவனுக்குக் குடுக்காம வேற ஆருக்குக் குடுக்கிறது. ஆனா அந்த 80 நிமிசத்தில ரிக்கெல்மே செய்ததுக்கு எந்த ஸ்கோர்போர்டிலயும் இடமில்லை.

அடுத்தது காசுப் பிரச்சினை, சம்பளத்தில கிளப்போட இழுபறி. 2001 ஏப்ரலில ரிவருக்கு எதிரா கோல் அடிச்சிட்டு நேரா கிளப் பிரசிடென்ட் இருக்கிற பக்கம் போய், ரெண்டு காதுக்கும் பின்னால கையை வச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டார். அந்த பிரசிடென்ட் மவுரிசியோ மக்ரி, பிறகு 2015ல நாட்டுக்கே ஜனாதிபதியா வந்தவர். டோப்போ ஜிஜியோ எண்டு டீவியில வாற பெரிய காது எலிப் பொம்மை ஒண்டு, அதை மகளுக்குப் பிடிக்கும், அதான் அப்பிடிச் செய்தனான் எண்டு அப்பாவி மாதிரிச் சொன்னார், ஒருத்தரும் நம்பேல்ல. 2002ல அவரிட தம்பி ஒருத்தரைக் கடத்திக் காசு குடுத்துத்தான் மீட்டது. அதுக்குப் பிறகு அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டதை ஆர் குறை சொல்லுவினம்.

பார்சிலோனா. இதைத்தான் நீங்க பெயில் எண்டு போட்டிருக்கிறீங்க. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம் எண்டு உங்கட கேள்விக்குக் கீழ ஒருத்தர் எழுதியும் இருக்கிறார். பழமொழி நல்லம், ஆனா இங்க மேடை உண்மையிலயே கோணல்தான். வான் ஹால் கோச், அவர் கேட்டு வாங்கின ஆள் இல்லை, கிளப் பிரசிடென்ட் வாங்கினவர், அதை வந்த உடனயே தன்னட்ட முகத்துக்கு நேர சொல்லிட்டார் எண்டு ரிக்கெல்மேயே பிறகு பேட்டிகளில சொல்லியிருக்கிறார். வான் ஹாலிட சிஸ்டத்தில ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கட்டம், இவருக்குக் கிடைச்சது அநேகமா லெஃப்ட் பக்கம். பந்து இருந்தா நீ உலகத்திலயே பெஸ்ட், பந்து இல்லாட்டி நாங்க ஒரு ஆள் குறைவா விளையாடுறம் எண்டு வான் ஹால் சொன்னதாயும் ஒரு கதை இருக்கு, அதுவும் ரிக்கெல்மே வாயால வந்ததுதான், வான் ஹால் பக்கக் கதை வேற மாதிரி இருக்கலாம். ஆனா ஒண்டு, அந்த வசனத்தில பிழை இல்லை. ரெண்டு பாதியும் உண்மை. பியாங்கி அந்த ரெண்டாவது பாதிக்கு மூண்டு ஓடுற ஆக்களைப் போட்டு விடை கண்டவர், வான் ஹால் தன்ர கட்டத்தை மாத்த விரும்பேல்ல. சரி பிழை இல்லை இது, ரெண்டு விதமான கோச்சிங். அந்த சீசன் பார்சிலோனாவே 6ஆம் இடம், வான் ஹாலையும் ஜனவரியில கலைச்சிட்டாங்க, 2003ல ரொனால்டீனோ வந்தார், ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாத ஆக்களுக்கு இடமும் கணக்கு, ரிக்கெல்மேயை வில்லாரியலுக்கு லோனில அனுப்பினாங்க.

வில்லாரியல் எண்டுறது 50,000 பேர் அளவில இருக்கிற ஒரு சின்ன டவுன், எங்கட கொட்டாஞ்சேனை, மட்டக்குளியைச் சேர்த்தாலே அதைவிட ஆக்கள் கூட இருப்பினம். அங்க 2004ல பெல்லெக்ரினி கோச்சா வந்து திருப்பியும் பியாங்கி செய்ததைச் செய்தார், மார்க்கோஸ் சென்னா மாதிரி ஆக்கள் ஓடட்டும், இவர் யோசிக்கட்டும். 2004-05ல லா லீகாவில 3ஆம் இடம், இவருக்கு 15 கோல், முன்னுக்கு நிண்ட ஃபோர்லானுக்கு 25. அடுத்த வருசம் முதல் முறையா சாம்பியன்ஸ் லீக், மான்செஸ்டர் யுனைட்டட் இருந்த குரூப்பில முதலாமிடம், இன்டர் மிலானை வெளிய போட்டு செமி ஃபைனல். ஆர்சனலோட முதல் மெட்ச் 1-0 தோல்வி. ரெண்டாவது 2006 ஏப்ரல் 25, எங்கட நேரம் நடுச்சாமம் 12.15க்குத் தொடங்கினது. அண்டைக்குப் பகல்தான் கொழும்பில ஆமி ஹெட்குவாட்டர்ஸுக்குள்ள குண்டு வெடிச்சது, பின்னேரம் முழுக்க ரோட்டெல்லாம் செக்கிங், வழக்கமா ஒண்டாச் சேர்ந்து மெட்ச் பார்க்கிற நாங்க அண்டைக்கு ஆளாளுக்கு அவரவர் வீட்டில, சவுண்டையும் குறைச்சு வச்சுக்கொண்டு பார்த்தது. முழு மெட்சும் வில்லாரியல் கையில, கோல் மட்டும் வருதில்லை. கடைசி நிமிசங்களில பெனால்டி. ரிக்கெல்மே அடிச்சார், ஆர்சனல் கோலி லேமன் பாய்ஞ்சு பிடிச்சிட்டான். 0-0, ஆர்சனல் ஃபைனலுக்கு. இதை வச்சு பெரிய மெட்சில சறுக்குற ஆள் எண்டு சொல்லுறது அநியாயம், ஆனா அந்த பெனால்டி போனது போனதுதான், அதை மூடி மறைச்சு அவரைப் புகழ வேண்டிய தேவையும் இல்லை.

ரெண்டு மாதத்தில வேர்ல்ட் கப், கோச் பெக்கர்மன், நம்பர் 10 ரிக்கெல்மேக்கு, மெஸ்ஸிக்கு 19. சேர்பியா மொன்டெனீக்ரோவை 6-0 அடிச்சதில கம்பியாசோ போட்ட கோலை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க, 25 பாஸ் கிட்ட. அதில ரிக்கெல்மே எத்தினை தரம் பந்தைத் தொடுறார், எத்தினை தரம் வந்த வழியாலயே திருப்பிக் குடுக்கிறார் எண்டு எண்ணிப் பாருங்கோ. முன்னுக்கு வழி இல்லாட்டி திருப்பிக் குடுத்திட்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறார், ஓடேல்ல, நடக்கிறார். ஜேர்மனியோட குவார்ட்டர் ஃபைனலில அவரிட கோர்னரில ஆயாலா தலையால அடிச்சு 1-0. 72ஆம் நிமிசம் பெக்கர்மன் அவரை வெளிய எடுத்து கம்பியாசோவைப் போட்டார், 80இல குளோசே சமன் செய்தார், மெஸ்ஸி கடைசி வரைக்கும் பெஞ்சிலயே, பெனால்டியில தோல்வி. அந்தப் பெனால்டியில கோட்டை விட்டது ஆர் எண்டா கோல் அடிச்ச ஆயாலாவும், ரிக்கெல்மேக்குப் பதிலா வந்த கம்பியாசோவும், பிடிச்சது ஜேர்மனிக்கும் கோலியா நிண்ட அதே லேமன். அவரை எடுக்காட்டி ஆர்ஜென்டினா வெண்டிருக்குமா? இது ஒருத்தராலயும் நிரூபிக்கேலாத விசயம். அவர் அண்டைக்குக் களைச்சுத்தான் போயிருந்தார், ஜேர்மனி நெருக்கிக்கொண்டு வந்தது, கம்பியாசோவைப் போட்டதில ஒரு நியாயம் இருக்கு. என்ர அபிப்பிராயம் மட்டும் சொல்லுறன், டோக்கியோவில செய்த வேலையை அந்த 18 நிமிசத்துக்குச் செய்யக்கூடிய ஒரே ஆளை வெளிய எடுத்துப்போட்டு பந்தை ஜேர்மனிட்டக் குடுத்தாங்க.

அதுக்குப் பிறகு ஏத்தமும் இறக்கமும்தான். பெல்லெக்ரினியோட மனஸ்தாபம், 2007இல போக்காவுக்கு லோனில திரும்பி வந்தார், அந்த வருச லிபர்டடோரஸில 8 கோல், கிரேமியோவோட ஃபைனல் ரெண்டு மெட்சிலயும் சேர்த்து 5-0, அதில 3 அவரிட. எந்த ஒரு பிளேயரும் ஒரு கப்பை அப்பிடித் தனிய தூக்கிக் குடுத்ததை நான் பெரிசாப் பார்க்கேல்ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில கப்டன், கோல்ட் மெடல், மெஸ்ஸியும் டி மரியாவும் அந்த டீமில. 2008 கடைசியில நாஷனல் டீமுக்குக் கோச்சா வந்த மரடோனாவோட முட்டுப்பட்டு 2009இல அந்த டீமை விட்டார். ஆள் ரோசக்காரன், அதில சந்தேகமே இல்லை, சண்டை பிடிக்காத பிரசிடென்டும் இல்லை கோச்சும் இல்லை, எல்லா இடத்திலயும் மற்றவன்தான் பிழை எண்டு நான் நம்பமாட்டன். 2014இல ஆர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்கே போய் ரெண்டாம் டிவிஷனில இருந்து மேல கொண்டுவந்து விட்டுட்டு, 2015 ஜனவரியில விளையாட்டை நிப்பாட்டினார். 2023 டிசம்பரில இருந்து போக்காவுக்கே பிரசிடென்ட், எலெக்ஷனில எதிர்ப்பக்கம் நிண்டது அதே மக்ரியிட அணி. பிரசிடென்டா எப்பிடி எண்டு கேக்காதீங்கோ, கோச்மார் மாறிக்கொண்டே இருக்கினம், மைதானத்தில வாய்ச்ச பொறுமை ஆபீஸ் கதிரையில வாய்க்கேல்ல.

அப்ப என்ன மிஞ்சினது? 2022 டிசம்பர் 9, கத்தாரில நெதர்லாந்தோட குவார்ட்டர் ஃபைனல், மெஸ்ஸி பெனால்டி அடிச்சிட்டு எதிர் பெஞ்சுக்கு முன்னால போய் காதுக்குப் பின்னால கையை வச்சுக்கொண்டு நிண்டார், அந்த பெஞ்சில இருந்த கோச் வான் ஹால். 20 வருசத்துக் கணக்கு. ஆர்ஜென்டினாக்காரருக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படேல்ல. ஆனா விளையாட்டா எடுத்தா, அவரிட இடத்தை அப்பிடியே எடுத்துக்கொண்ட ஆள் எண்டு ஒருத்தரும் வரேல்ல. ஃபோர்வர்டுகளுக்குப் பின்னால நடந்து திரியிற நம்பர் 10க்கு இப்பத்த பிரெஸ்ஸிங்கில, அதாவது பந்து வச்சிருக்கிறவனை உடன வந்து நெருக்கிற ஆட்டத்தில, நேரம் கிடைக்கிறதில்லை, அந்த யோசிக்கிற வேலை பின்னுக்குப் போயிட்டுது. இத்தாலிக்காரன் பிர்லோவும் நம்பர் 10ஆத்தான் தொடங்கினவர், 2001இல பிரெஷியாவில மட்சோனே எண்ட கோச், முன்னுக்கு பாஜியோ நிக்கிறதால இவரை டிஃபென்ஸுக்கு முன்னால இறக்கினார், அது அவருக்கு இன்னும் பத்துப் பதினைஞ்சு வருசத்தைக் குடுத்தது. ரிக்கெல்மே இறங்கேல்ல. இறங்கியிருந்தா இப்பவும் சரிவந்திருக்குமா எண்டா, பந்தை வாங்க முதலே சுத்திப் பார்த்து வைக்கிற பழக்கமும், இடிச்சாலும் விழாத உடம்பும் எந்தக் காலத்துக்கும் சரிவரும், பந்து போன உடன திருப்பி ஓடிப் பறிக்கிற வேலைக்கு அவர் சரிவந்திருக்கமாட்டார். அதுக்கு மேல சொன்னா கற்பனை.

அதால ஊதிப் பெருப்பிச்ச பேர் இல்லை, ஆனா எல்லா டீமுக்கும் பொருந்துற ஆளும் இல்லை. அவரை நடுவில வச்சு மற்றவங்களை அடுக்கின கோச்மார் கப் எடுத்தினம், இல்லாட்டி கப்புக்குக் கிட்டப் போச்சினம்.

உங்கட தம்பியிட விசயத்துக்கு வருவம். அவன் விளையாடுறதை நான் பார்க்கேல்ல, அந்தக் கோச் ஏன் விங்கில போட்டார் எண்டும் அவரட்டத்தான் கேக்கவேணும், கோச்சோட முறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. 15 வயசில விங்கில ஒரு சீசன் நிண்டதால ஒருத்தனும் கெட்டுப்போகேல்ல, ஒரு பக்கம் லைன் இருக்கிறதால பார்க்கவேண்டியது பாதிதான், பந்து வாங்க முதல் தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை அங்க லேசா எடுக்கலாம். அவன் உண்மையிலயே நடுவுக்கான ஆளா எண்டு அறிய ஒரு வழி இருக்கு. அடுத்த மெட்சில பந்தைப் பார்க்காம அவனை மட்டும் போனில பத்து நிமிசம் வீடியோ எடுங்கோ. பந்து அவனட்ட வாறதுக்கு முந்தின செக்கனுகளில எத்தினை தரம் தோளுக்கு மேலால பின்னுக்குப் பார்க்கிறான் எண்டு பாருங்கோ. வந்த பந்தையே முறைச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டானெண்டா அவனுக்கு ரிக்கெல்மேயிட வேகம் மட்டும்தான் இருக்கு, விங்கில நிக்கட்டும். சும்மா சும்மா தலை திரும்புதெண்டா அந்த வீடியோவைக் கொண்டுபோய் மரியாதையா கோச்சுக்குக் காட்டுங்கோ, டர்ஃபில அஞ்சு பேர் ஆட்டம் ஆடுற நாளில எண்டாலும் நடுவில விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. ரன்னிங்கை மட்டும் விடவேண்டாம் எண்டு அவனட்டச் சொல்லுங்கோ, ரிக்கெல்மேக்காக ஓடினது சென்னா, எங்கட ஸ்கூல் டீமுகளில இன்னொருத்தனுக்காக ஓட ஒருத்தனும் வரமாட்டான்.